சாயங்காலம் யாருக்கு

ஜெகதீஷுக்குப் பொறாமை ஒன்றும் புதுசு இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் ரெண்டு மார்க் கூட வாங்கினால் இவனுக்குக் காய்ச்சல் வரும். எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் இறங்கினால் அன்றைக்குப் பூரா வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். ஆனால் கட்டின பொண்டாட்டியைப் பார்த்து வயிறு எரியும் என்று அவனே நினைத்ததில்லை. எரிந்தது. திகுதிகுவென்று எரிந்தது.

அவளை வண்டி ஓட்ட வைத்ததே இவன்தான், அதுதான் கொடுமை. ஆறு வருஷமாக டாக்ஸி ஆப்பில் கார் ஓட்டுகிறவன் ஜெகதீஷ். தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சீரியல் பார்த்து அழுகிறாளே என்று ஒரு ஆட்டோவை எடுத்துக் கொடுத்து, திருமுல்லைவாயில் கிரவுண்டில் விடியற்காலையில் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று டிரைவர்களுக்கெல்லாம் லட்டு. காக்கிச் சட்டை போட்டு அவள் ஆட்டோவில் உட்கார்ந்ததும் போட்டோ பிடித்து, அதையே ஆப்பில் ஏற்றிவிட்டான். பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு.

தொழில் நெளிவு சுளிவும் அவன்தான் சொன்னான். வருகிற சவாரியை எல்லாம் எடுக்கக் கூடாது. எங்கே போகிறது, எவ்வளவு தருகிறான் என்று பார்க்கணும். ஆள் நிறைய, வண்டி கம்மி என்றால் மேப்பில் அந்த ஏரியா ஆரஞ்சாகும், அப்புறம் சிவக்கும். சிவந்தால் ரேட்டு ஒன்றரை, ரெண்டு மடங்கு ஏறும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரணும். ஆபீஸ் விடுகிற சாயங்காலமும் மழையும்தான் நமக்கு தீபாவளி.

தாட்சாயிணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றையும் செய்யவில்லை. போன் அடித்தால் எடுப்பாள், போவாள், அவ்வளவுதான். ரேட்டைப் பார்க்கலியா என்று இவன் கேட்டால், கூப்பிட்டவங்க ரோட்டுல நின்னுகினு இருப்பாங்களே மாமா என்பாள். பைத்தியக்காரி, ஒரு மாசம் தாங்க மாட்டாள் என்று நினைத்தான் ஜெகதீஷ்.

மூன்றாம் மாசம் அவள் இவனைத் தாண்டிவிட்டாள்.

இவன் சிவப்புக்காகக் காத்துக் கிடந்த நேரத்தில் அவள் நாலு சவாரி முடித்திருந்தாள். காலேஜ் பொண்ணுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மாக்கள், நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பிள்ளையை டியூஷனில் விடுகிறவர்கள், எல்லாருக்கும் லேடி டிரைவர் என்றதும் ஒரு அப்பாடா. இறங்கும்போது அஞ்சு ஸ்டார். ஒருத்தி தன் வீட்டு முருங்கைக்காயைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஆறு வருஷத்தில் ஜெகதீஷுக்கு ஒரு முருங்கை இலை கிடைத்ததில்லை.

அவள் குளிக்கப் போனால் அலமாரியில் இருக்கிற அவள் போனை எடுத்து அன்றைய வரும்படியைப் பார்ப்பான். பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்தாலும் பொறுக்காது. பொம்பளைன்னு தூக்கிக் குடுக்குறானுங்க மாமே என்று ஸ்டாண்டில் புலம்புவான். அவள் முகத்துக்கு நேரே பரவால்லியே, சூப்பரு என்பான், பல்வலிக்காரன் சிரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு. அவள் அதை நம்பினாள். நாளைக்கு இதைவிட நல்லா ஓட்டுறேன் மாமா என்று வேறு சொல்வாள்.

இப்படி உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த நேரத்தில் சுசீலா அக்கா சமாச்சாரம் வந்தது. சுசீலா அக்கா மாடிவீட்டுக்காரி. ரெண்டாவது படிக்கிற இவர்கள் மகள் நிஷாவை ஸ்கூல் விட்டதிலிருந்து ராத்திரி வரை பார்த்துக்கொள்வது அவள்தான். அந்த அம்மா மகனோடு ஓசூருக்குக் குடி போகிறாள் என்று சேதி வந்ததும் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நாலு மணிக்கு மேல் யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். அதாவது ஒருத்தருக்கு சாயங்காலம் போச்சு. இந்தத் தொழிலில் சாயங்காலம் போனால் வெறும் சக்கையைத்தான் மெல்லணும்.

தாட்சாயிணிதான் யோசனை சொன்னாள். சுசீலா அக்கா கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிய ரெண்டு பேரும் சாயங்காலம் ஓட்டுவோம். கேஸ் செலவு போக யார் ஜாஸ்தி கொண்டு வருகிறார்களோ அவர்கள் இனிமேல் சாயங்காலம் போகட்டும், மற்றவர் பகலில் ஓட்டிவிட்டு நிஷாவைப் பார்த்துக்கொள்ளட்டும். நியாயமான பேச்சு. ஜெகதீஷ் உடனே சரி என்றுவிட்டான். வேண்டாம் என்றால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடுமே.

பயம்தான். ஆறு மணிக்கு எஸ்டேட் வாசலில் நிற்க வேண்டியவன் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருக்க, பொண்டாட்டி வெளியே போய்ச் சம்பாதிக்கிறாள் என்று ஸ்டாண்டில் ஒருத்தன் சொன்னால் போதும், இவன் உயிரை விட்டுவிடுவான். தோசை சுடுவதுகூடப் பரவாயில்லை. அவள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்று ஊருக்குத் தெரிவதுதான் தாங்காது.

வியாழக்கிழமை கணக்குப் பார்த்ததில் அவள் முன்னால் இருந்தாள். ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு நல்ல மழை பெய்தால் இவன் தாண்டிவிடலாம்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே வானம் பொத்துக்கொண்டது.

ஜெகதீஷ் எஸ்டேட் வாசல் டீக்கடைக்கு முன்னால் காருக்குள் இருந்தான். கடைத் தார்ப்பாய்க்குள் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். மழை நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் எல்லாரும் சேர்ந்து ஆப்பை ஆஃப் பண்ணிவிடுவார்கள். வண்டிகள் முன்னாலேயே நிற்கும், ஆனால் ஆப்புக்கு ஒரு வண்டியும் இல்லை. உள்ளே ஜனம் புக் பண்ணிப் பண்ணிப் பார்க்கும், ரேட்டு குபுகுபுவென்று ஏறும். ஏறி நின்றதும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணுவார்கள். அன்றைக்கு அதற்கு ஜெகதீஷ்தான் நாட்டாமை. அவன் கை தூக்குகிற வரைக்கும் ஒருத்தனும் ஆன் பண்ணக் கூடாது.

மேப் ஆரஞ்சானது. ஜெகதீஷ் இன்னொரு கையால் வாட்ஸப்பைத் திறந்து தாட்சாயிணி எங்கே என்று பார்த்தான். அவள் வண்டி எடுத்த முதல் நாளிலிருந்து லைவ் லொகேஷன் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். பொம்பள தனியா போற, எங்க கீறன்னு எனக்குத் தெரியணும் என்று இவன்தான் கறாராகச் சொல்லியிருந்தான். இப்போது அவளுடைய புள்ளி நூம்பலுக்குள் போய் நின்றது. சவாரி இறக்குகிறாள். இறக்கிவிட்டு வேலப்பஞ்சாவடிக்கு வந்தால் போதும், அங்கேயும் மேப் ரத்தச் சிவப்பு. ஆட்டோ என்று கண்ணில் பட்டால் ஜனம் பிய்த்துத் தின்னும். இன்னும் ரெண்டு மணி நேரம் அவள் கை ஓயாது. இன்றைக்கும் அவள்தான். இனிமேல் தோசைக்கரண்டி இவன் கையில்.

வயிறு எரிந்த எரிச்சலில் கண் இருண்டது.

பக்கத்து சீட்டில் ஒரு போன் சார்ஜில் கிடந்தது. தப்ரேஸுடையது. பூந்தமல்லிக்காரன், இவனோடு கூட ஓட்டுகிறவன், தம்பி மாதிரி. ரெண்டு போன் வைத்திருப்பான், வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டுப் போனை ஜெகதீஷ் காரில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு மஃரிப் தொழப் போயிருந்தான். அதற்கு லாக்கும் கிடையாது.

ஜெகதீஷ் எடுத்தான். சவாரி புக் பண்ணுகிற ஆப் அதில் இருந்தது. ஆட்டோ. ஏறும் இடம், நூம்பலில் தாட்சாயிணி நிற்கிற இடத்துக்கு ரெண்டு தெரு தள்ளி, பாதி வீடும் பாதி காலி மனையுமாக இருக்கிற ஒரு சந்து. இறங்கும் இடம் ஆவடி. இந்த மழையில் அந்தப் பக்கம் வேறு ஆட்டோ இருக்காது. அழுத்தினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் டிரைவர் கிடைத்துவிட்டார். தாட்சாயிணி, காக்கிச் சட்டை, இவன் பிடித்த அதே போட்டோ, கீழே நாலு புள்ளி ஒன்பது. இவனுடையது நாலு புள்ளி அஞ்சு. அந்த நேரத்திலும் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் பாவி.

பத்து நிமிஷம் நிற்கட்டும், அப்புறம் கேன்சல் பண்ணிவிடலாம் என்பதுதான் திட்டம். அதற்குள் எஸ்டேட் பக்கம் சிவந்துவிட்டது, ரெண்டு மடங்கு. ஜன்னல் வழியாகக் கை தூக்கினான். பன்னிரண்டு போனும் ஒன்றாக ஆன் ஆயின, அடுத்த நொடி இவன் போன் அலறியது. கிருஷ்ணப்பிரியா என்று ஒரு ஐ.டி. பொண்ணு, குமணன்சாவடி பிளாட்டுக்கு. தப்ரேஸ் போன் சீட்டில் கிடப்பதை மறந்து வண்டியை எடுத்துவிட்டான்.

அந்தப் பொண்ணு ஏறியதிலிருந்து ரேட்டைப் பற்றிப் பொருமிக்கொண்டே வந்தாள். காலையில் வந்ததற்கும் இதற்கும் ரெண்டு மடங்கு வித்தியாசம், மழை பெய்தால் ரோடு நீளமாகிவிடுமா என்று கேட்டாள். ஆப்பு ஏத்துது மேடம், நாங்க இன்னா பண்றது என்று பச்சைப் பிள்ளை மாதிரி சொன்னான் ஜெகதீஷ். வானகரம் ரோட்டில் தண்ணி முட்டிக்கால் அளவு. வண்டி ஊர்ந்தது.

அப்போது தப்ரேஸ் போன் அடித்தது. டிரைவர் கூப்பிடுகிறார் என்று ஆப் காட்டியது. விட்டுவிட்டான். மறுபடி அடித்தது, விட்டான். மூன்றாம் தடவை அடித்தபோது ஆப் இல்லை, நேராகவே அழைப்பு. திரையில் ‘தாட்சா அக்கா’ என்று இருந்தது.

தப்ரேஸுக்கு ஏன் பண்ணுகிறாள்? கண்டுபிடித்துவிட்டாளா? அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது. பதறிப் போய் போனையே ஆஃப் பண்ணிவிட்டான். ஆஃப் பண்ணிய பிறகுதான் கேன்சல் பண்ணவில்லை என்பது உறைத்தது. திரும்ப ஆன் பண்ணினால் மறுபடி அவள் கூப்பிடுவாள் என்று பயம். அவளே கேன்சல் பண்ணிட்டு வந்துடுவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அடுத்தது இவன் போனே அடித்தது. தாட்சாயிணி. கட் பண்ணினான். மறுபடி. கட்.

"அர்ஜென்டா இருக்கும்ணா, எடுத்துப் பேசுங்க," என்றாள் பின்னாலிருந்து கிருஷ்ணப்பிரியா.

லோன்காரன் மேடம், இப்படித்தான் உசிர எடுப்பான் என்று சொல்லிச் சமாளித்தான்.

சிக்னலில் நின்றபோதெல்லாம் லைவ் லொகேஷனைப் பார்த்தான். அவள் புள்ளி நூம்பலை விட்டு நகரவில்லை. அந்தச் சந்துக்குள்ளேயே மெதுவாக மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. வண்டி போகிற வேகம் இல்லை அது, நடக்கிற வேகம். கேன்சல் பண்ணித் தொலையேன்டி என்று இவனுக்கு ஆத்திரமாக வந்தது. யாரோ ஒரு கஸ்டமருக்காக இப்படியா நிற்பாள் ஒருத்தி? சுற்றிலும் ரெண்டு மடங்கு ரேட்டு கொட்டிக்கொண்டிருக்க, இவள் என்ன பைத்தியமா? கொஞ்ச நேரம் கழித்து, நிற்கட்டும், நல்லதுதான் என்றும் தோன்றியது.

அன்றைக்கு ஜெகதீஷ் சிவப்பில் மூன்று சவாரி அடித்தான். எட்டு மணி சுமாருக்கு வீட்டுக்குத் திரும்பும்போது கையில் பரோட்டா பார்சல். ஜெயித்துவிட்டான், நன்றாகவே ஜெயித்துவிட்டான். படி ஏறும்போது விசில்கூட அடித்தான்.

தாட்சாயிணி முன்னாலேயே வந்திருந்தாள். நிஷா இன்னும் மாடியில்தான் இருந்தாள். தாட்சாயிணி நனைந்த காக்கிச் சட்டையை நாற்காலியில் விரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. கழுவக்கூட இல்லை.

இன்னா இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட, சவாரி இல்லியா என்று அக்கறையாகக் கேட்டான் ஜெகதீஷ்.

"மஹ்ஜபீன் நல்லா கீறா," என்றாள் அவள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மஹ்ஜபீன் என்றால் தப்ரேஸ் பொண்டாட்டி. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், எட்டாம் மாசம். அவளைப் பற்றி இப்போது என்ன பேச்சு?

தாட்சாயிணி நிதானமாகச் சொன்னாள். நூம்பலில் சவாரி இறக்கினதும் ஒரு புக்கிங் விழுந்தது. பேரைப் பார்த்தால் மஹ்ஜபீன். அவள் அம்மா வீடு நூம்பல்தான் என்று தெரியும், எந்த வீடு என்று தெரியாது. இந்த மழையில் எட்டு மாசக்காரி ஆட்டோ கூப்பிடுகிறாள் என்றால் வலிதானே வந்திருக்கும்? ஓடினாள். சொன்ன இடத்தில் ஆள் இல்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. தன்னிடம் இருந்த தப்ரேஸ் வீட்டு நம்பருக்குப் பண்ணினாள், அடித்தது, எடுக்கவில்லை, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். இவனுக்குப் பண்ணினாள், கட் பண்ணிவிட்டான். எங்கேயோ மயங்கிக் கிடக்கிறாளோ என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தண்ணியில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறாள். ரோட்டில் நின்ற ஜனம் எவ்ளோ வேணா தரோம்மா, வாம்மா என்று கையைப் பிடித்து இழுத்ததாம். ஒருத்தரையும் ஏற்றவில்லை. கடைசியில் நாலாவது தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தாள். மஹ்ஜபீன் கட்டிலில் சாய்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள்.

"நான் புக் பண்ணவே இல்லியே அக்கான்னா. அந்த ஆப்பு எம்பேர்ல தான் கீது, ஆனா போன் அவர்கிட்ட கீதுன்னா. அவரோட இன்னொரு போனுக்குப் போட்டுக் கேட்டா, அந்த போனு ஜெகா அண்ணாத்தே கார்ல மாட்டிக்கினு போயிடுச்சுங்குறாரு."

ஆறு வருஷமாக எந்த புக்கிங் விழுந்தாலும் ஜெகதீஷ் முதலில் பார்ப்பது பேரைத்தான். ஆணா பொண்ணா, என்ன ஆள் என்று பேரை வைத்தே எடை போடுகிறவன். அன்றைக்கு அவனே ஒரு புக்கிங் போட்டபோது யார் பேரில் போகிறது என்று பார்க்கவில்லை.

சும்மா வெளாட்டுக்குத்தான் பண்ணினேன், பத்து நிமிஷத்துல கேன்சல் பண்ணலாம்னு இருந்தேன் என்று என்னென்னவோ உளறினான். அவள் கத்துவாள் என்று பார்த்தான். கத்தியிருந்தால் இவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், சண்டையாகி விடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. பரோட்டா பார்சலை வாங்கி அடுப்படியில் வைத்தாள்.

"நீ தான் ஜெயிச்ச. திங்கக்கிழமைலேர்ந்து சாயங்காலம் நீயே போ மாமா."

ஜெகதீஷுக்கு அப்போதுதான் நிஜமாகவே வெட்கம் வந்தது. வேணாம் தாட்சா, நீ போ, நான் நிஷாவைப் பாத்துக்கறேன், சாமி சத்தியமா சொல்றேன் என்றான். சொன்னதில் பொய் இல்லை. பொறாமை எல்லாம் வடிந்துபோய், அவள் போனால் போதும் என்றுதான் அந்த நிமிஷம் இருந்தது.

அவள் மாடிக்குப் போகக் குடையை எடுத்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் எப்படிப் போறது? எவன் கூப்ட்டாலும், எவ கூப்ட்டாலும், யாரு இன்னான்னு கேக்காம போயிகினு இருந்தேன். இனிமே மழையில ஒரு புக்கிங் வந்தா, இது நீயா இருக்குமோன்னு தான் மொதல்ல தோணும்."

குடையை விரித்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

சுசீலா அக்கா ஓசூர் போய் ரெண்டு மாசம் ஆகிறது. சாயங்காலம் ஜெகதீஷ்தான் ஓட்டுகிறான். தாட்சாயிணி பகலில் ஓட்டுகிறாள். இப்போதெல்லாம் போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. பேரைப் பார்க்கிறாள், இடத்தைப் பார்க்கிறாள், கூப்பிட்டு எந்த வீடு, யார் ஏறப் போறது என்று விசாரிக்கிறாள், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுகிறாள். அவள் ஸ்டார் இவனுடையதற்கும் கீழே இறங்கிவிட்டது. வரும்படியும் அப்படித்தான். அலமாரியில் அவள் போன் கிடக்கிறது, ஜெகதீஷ் எடுத்துப் பார்ப்பதில்லை. போன வாரம் அவளே கேட்டாள், எவ்ளோ ஓட்டின மாமா என்று. அவளைவிட ரொம்ப ஜாஸ்தி ஓட்டியிருந்தான். சரியாப் பாக்கலை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.